வந்தது தெரிகிறது, போனதுதான் தெரியவில்லை

படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்துவிடும். கையைத் தூக்கி இரண்டு முறை ஆட்டினால் மறுபடி எரியும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அணையும். என் வேலை அறையில் தானியங்கி விளக்கு வைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் இதே கூத்துதான். ஒரு நாள் மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு அம்மாவிடம் போய், "அப்பா யாருக்கும்மா டாட்டா காட்டுறாரு?" என்று கேட்டாள். சரி, இதற்கு ஒரு வழி பண்ணிவிடுவோம் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை எட்டு மாதம் இழுத்தது.

அந்த அறையில் இருந்தது சாதாரண அசைவு சென்சார், பிஐஆர் என்பார்களே, அது. உள்ளே வெப்பக் கதிரை உணரும் இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். ஒன்றில் விழும் வெப்பத்துக்கும் மற்றதில் விழும் வெப்பத்துக்கும் திடீரென்று வித்தியாசம் வந்தால் 'அசைவு' என்று சொல்லும். முன்னால் இருக்கும் பால் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் உண்மையில் பல துண்டு லென்ஸ்கள் சேர்ந்தது, அறையை விசிறி மடிப்பு மாதிரி பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டினால்தான் அதற்கு நாம் இருப்பது தெரியும். அசையாமல் உட்கார்ந்து படிக்கிறவன் அதன் கணக்கில் நாற்காலி மாதிரி. அதைக் குறை சொல்ல முடியாது, 'யாராவது இருக்கிறார்களா' என்று அதனிடம் யாருமே கேட்கவில்லை. 'ஏதாவது நகர்ந்ததா' என்று கேட்டோம், பதில் சொன்னது. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் என் எட்டு மாதமும் போனது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஆளைத் தேடாதே, அவன் ஃபோனைத் தேடு. ரூட்டரில் என் ஃபோன் இணைந்திருந்தால் நான் வீட்டில் இருக்கிறேன், இல்லையென்றால் வெளியே போய்விட்டேன். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில், ஃபோன் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகும்போதெல்லாம் ரூட்டர் கூப்பிட்டால் பதில் சொல்லாது. நான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், வீடு என்னை வழியனுப்பிவிட்டு எல்லா விளக்கையும் அணைக்கும். பதில் வராமல் பத்து நிமிடம் ஆனால்தான் போய்விட்டதாக எடுத்துக்கொள் என்று மாற்றினேன். பொய்யான 'போய்விட்டார்' குறைந்தது, ஆனால் நிஜமாகப் போனதும் பத்து நிமிடம் தாமதமாகத் தெரிந்தது. வருவது மட்டும் எப்போதும் உடனே தெரிந்தது. ஃபோன் வாசலுக்கு வரும்போதே தானாக ரூட்டரிடம் 'வந்துட்டேன்' என்று சொல்லிவிடுகிறது. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போவது கிடையாது, பேச்சை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

ஃபோனை வைத்து ஆளை எண்ணுவது எனக்கு முன்னால் பெரிய அளவில் நடந்திருக்கிறது. வைஃபை இணைப்பு இல்லாவிட்டாலும், பக்கத்தில் தெரிந்த ரூட்டர் ஏதும் இருக்கிறதா என்று ஃபோன் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரலோடு அதன் மேக் முகவரியும், அதாவது வைஃபை கருவி ஒவ்வொன்றுக்கும் இருக்கும் அடையாள எண்ணும், போகும். 2013இல் லண்டன் நகரத் தெருக்களில் வைத்திருந்த சில குப்பைத் தொட்டிகள் இப்படிக் கடந்துபோகும் ஃபோன்களின் முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தது வெளியே வந்து, நிறுத்தச் சொல்லி நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. குப்பைத் தொட்டி நம்மை வேவு பார்த்த காலம் ஒன்று இருந்தது என்று பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவார்களா தெரியாது. அதே லண்டனில் 2016 நவம்பர் 21 முதல் டிசம்பர் 19 வரை சுரங்க ரயிலின் 54 நிலையங்களில் போக்குவரத்து நிர்வாகமே, பலகை வைத்து அறிவித்துவிட்டு, இதே வேலையைச் செய்தது. 56 லட்சம் சாதனங்கள், 50 கோடிக்கு மேல் பதிவுகள். டிக்கெட் கதவில் 'இங்கே ஏறினார், அங்கே இறங்கினார்' என்பது மட்டும்தான் தெரியும். நடுவில் எந்த வழியாக மாறிப் போனார்கள் என்பது வைஃபையில் தெரிந்தது. உபயோகமான வேலைதான், மறுக்கவில்லை.

இதற்குள் ஃபோன் செய்பவர்களும் விழித்துக்கொண்டார்கள். 2014இல் ஐஃபோனின் ஐஓஎஸ் 8, ரூட்டர் தேடும் குரலில் போலி முகவரியைப் போட ஆரம்பித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 இரண்டும் இணையும்போதுகூட ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரி காட்டுவதை வழக்கமாக்கின. போலியைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறி இருக்கிறது: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் கொடுத்தது இல்லை, உள்ளூரில் போட்டுக்கொண்டது. என் ரூட்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினொரு சாதனங்களில் ஐந்து முகமூடி போட்டிருந்தன. வீட்டில் இருப்பதே மூன்று பேர். எதுவானாலும், ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் நான் அறையில் இருப்பதாகத்தான் இந்த முறை சொல்லும். ஃபோன் இல்லாத என் மகள் வீட்டில் வாழ்வதாகவே அதற்குத் தெரியாது. இதை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் சிக்னலையே பார்க்கலாமே என்று தோன்றியது. ஃபோன் யாரிடம் இருந்தால் என்ன, உடம்பு எல்லோரிடமும் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ரூட்டரை அறையின் ஒரு மூலையில், பழைய மடிக்கணினியை எதிர் மூலையில் வைத்து, வந்து சேரும் சிக்னலின் பலத்தை வரிசையாக எழுதச் சொன்னேன். -51, -52, -51, -51 என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து நடந்தேன். -57, -60, -53, -51. இந்த எண்களில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது என்று அர்த்தம், 6 குறைந்தால் கால்வாசி. ஒரு மனிதன் குறுக்கே போனால் சிக்னலில் முக்கால் பங்கு காணாமல் போகிறது! எந்தக் கருவியும் வாங்காமல், வீட்டில் கிடந்ததை வைத்து. அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்துக்கு அளவில்லை.

இதில் புதுசு ஒன்றுமில்லை என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். 1922இல் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படைக்காக ரேடியோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹோய்ட் டெய்லர், லியோ யங் என்ற இருவர், பொட்டோமேக் ஆற்றின் இக்கரையில் டிரான்ஸ்மிட்டரையும் அக்கரையில் ரிசீவரையும் வைத்துச் சோதித்தபோது ஒரு மரக்கப்பல் குறுக்கே வந்தது. சிக்னல் ஏறியது, இறங்கியது, கப்பல் போனதும் பழையபடி ஆனது. அலைநீளம் 5 மீட்டர், அதிர்வெண் 60 மெகாஹெர்ட்ஸ். நேராக வரும் அலையும் கப்பலில் பட்டு வளைந்து வரும் அலையும் ஒரே நேரத்தில் ஏறினால் பலம் கூடும், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். கடற்படை அன்றைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ரேடாராக வளர இன்னும் பல வருடங்கள் ஆயின. கப்பலுக்குப் பதில் நான், ஆற்றுக்குப் பதில் அறை, 5 மீட்டருக்குப் பதில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அலை. கதை ஒன்றுதான்.

அறைகளுக்குள் இதைக் கொண்டுவந்தவர்கள் பிறகு வந்தார்கள். எந்தக் கருவியும் கையில் இல்லாத ஆளை, சிக்னல் மாற்றத்தை மட்டும் வைத்து எங்கே நிற்கிறார் என்று சொல்லலாம் என்று மௌஸ்தஃபா யூசுஃபும் கூட்டாளிகளும் 2007இல் எழுதினார்கள். 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜோயி வில்சன், நீல் பட்வாரி இருவரும் ஒரு சதுரத்தைச் சுற்றி 28 சிறு ரேடியோக்களை நட்டு, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேசும்போது எந்தெந்தக் கோடு மங்குகிறது என்று பார்த்து, நடுவில் நிற்கும் ஆளின் மங்கலான படத்தையே வரைந்தார்கள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் கணக்குதான், எக்ஸ்ரேக்குப் பதில் ரேடியோ.

என் கர்வம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சிக்னல் பலம் என்ற ஒற்றை எண் மிகவும் முரட்டுத்தனமானது. யாருமே இல்லாத அறையிலும் -51 சும்மா -54 ஆகும். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் ஒரு கணக்கு, மூடியிருந்தால் வேறு கணக்கு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அறைக்குள் ஒரு ஊர்வலமே போகிற மாதிரி எண்கள் ஆடும், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது. வாசலைக் கடந்தால் கண்டுபிடித்துவிடும், மூலையில் போய் உட்கார்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். பிஐஆர் விட்ட இடத்துக்கே, அதிகச் சிரமப்பட்டு, வந்து சேர்ந்திருந்தேன்.

சிஎஸ்ஐ என்ற விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது, இரண்டு மாதம் வேறு எதையும் நினைக்கவில்லை. வைஃபை ஒரே அலையில் பேசுவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சானலை 64 கூறுகளாக வெட்டி, ஓரங்களையும் நடுவையும் விட்டுவிட்டு, பழைய வகைப் பாக்கெட்டில் 52, அதற்குப் பின் வந்த 802.11என் என்ற வைஃபை வகையில் 56 சப்கேரியர்களை, அதாவது தனித்தனிச் சிறு அலைகளை, பயன்படுத்துகிறது. ஒவ்வொன்றும் அறைக்குள் எப்படி அடிபட்டு வந்து சேர்ந்தது என்பதை ரிசீவர் எப்படியும் கணக்கிட்டே ஆக வேண்டும், அப்போதுதான் தகவலைப் பிரித்துப் படிக்க முடியும். அந்தக் கணக்குக்குத்தான் சிஎஸ்ஐ என்று பெயர், தகவலைப் படித்த கையோடு அதைத் தூக்கிப் போட்டுவிடும். 2011இல் டேனியல் ஹால்பெரினும் கூட்டாளிகளும் இன்டெல் 5300 என்ற மடிக்கணினி வைஃபை அட்டையிலிருந்து அந்தக் கணக்கை வெளியே எடுக்கும் மென்பொருளை வெளியிட்டார்கள். முப்பது எண்கள்தான் வரும், ஆனால் அந்தப் பழைய அட்டையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி உலகம் அதற்கப்புறம் பல வருடம் ஓட்டியது. இன்றைக்கு இஎஸ்பி32 என்ற கட்டைவிரல் அகலச் சிப்பிலேயே இது கிடைக்கிறது. முதல் ரக இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும், எனக்கு அது போதும்.

அந்தச் சிப் வைத்த இரண்டு போர்டுகளை 4 மீட்டர் தள்ளி வைத்தேன். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். எவ்வளவு வேகமாக அனுப்புவது? ரூட்டர் தானாக விடும் அறிவிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை வருகிறது, அது போதாதா என்று சோம்பேறித்தனமாக யோசித்தேன். போதாது. விநாடிக்கு 1 மீட்டர் நடக்கிற ஆள் நேராக நம்மை நோக்கி வந்தால், பட்டுத் திரும்பும் அலையின் பாதை போக வர 2 மீட்டர் குறைகிறது. பன்னிரண்டரை சென்டிமீட்டர் அலையில் அது 16 தடவை ஏறி இறங்குவதற்குச் சமம். விநாடிக்கு 16 முறை ஆடுவதை விநாடிக்கு 10 முறை பார்த்தால் ஒன்றும் புரியாது, குறைந்தது இரு மடங்காவது பார்க்க வேண்டும். விநாடிக்கு 100 பாக்கெட் என்று வைத்தேன்.

திரையில் வந்தது சீப்பின் பற்கள் மாதிரி ஒரு வரைபடம். யாரும் இல்லாதபோது, சப்கேரியருக்கு ஒன்றாக, ஐம்பது சொச்சம் கோடுகளும் அசையாமல் படுத்திருக்கும். மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் காற்றில் புல் அடங்கி எழுவது மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அலை ஓடும். சில கோடுகள் ஏறும்போது பக்கத்துக் கோடுகள் இறங்கும். இதில் ஒரு வம்பும் உண்டு: ரிசீவர் தன் காதின் கூர்மையைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும், அப்போது எல்லாக் கோடும் ஒன்றாகச் சேர்ந்து குதிக்கும். முதல் வாரம் முழுக்க அந்தக் குதிப்பை ஆள் வந்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் சேர்ந்து குதித்தால் கருவி, வேறு வேறாக ஆடினால் ஆள் என்று பிரிக்கத் தெரிந்த பிறகுதான் நிம்மதி.

உச்சக்கட்டம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அசையாமல் உட்கார்ந்திருந்தேன், ஒரு சப்கேரியர் மட்டும் மெதுவாக, நாலு விநாடிக்கு ஒருமுறை, ஏறி இறங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். கோடு நேரானது. விட்டேன். மறுபடி ஆடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், மூச்சு காணாமல் போய்விட்டது! அவள் வந்து பார்த்தபோது ஒரு நேர்கோடு. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

ஏன் காணாமல் போனது? மூச்சில் மார்பு அசைவது ஐந்து மில்லிமீட்டர் அளவு. பாதை அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் மாறும், பன்னிரண்டரையில் ஒன்று. அலை ஏறும் சரிவில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். உச்சியிலோ பள்ளத்திலோ உட்கார்ந்திருந்தால், மலை உச்சியில் ஒரு அடி நகர்ந்த மாதிரி, உயரம் மாறவே மாறாது. சரிவுக்கும் உச்சிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். இரண்டு போர்டுகளைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் இந்த வளையங்களுக்கு ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். 4 மீட்டர் தூரத்துக்கு முதல் அடுக்கின் நடு ஆரம் 35 சென்டிமீட்டர் வரும், அதற்குள் குறுக்கே போனால் சிக்னல் பலமாக ஆடும், வெளியே போகப் போக மெலியும். போர்டை எந்த உயரத்தில் வைப்பது என்று இணையத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்த 35 சென்டிமீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு, நடக்கும் ஆளின் இடுப்பு அந்தக் கோட்டில் வருகிற மாதிரி வையுங்கள், பாதிச் சண்டை முடிந்தது.

மின்விசிறியைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. விசிறி ஓடினால் கோடுகள் ஓயவே ஓயாது. ஆனால் அதன் ஆட்டம் கடிகாரம் மாதிரி ஒரே தாளம், மனிதன் அப்படி இல்லை, அதனால் அந்தத் தாளத்தை வடிகட்டி எடுத்துவிடலாம். விசிறிக் காற்றில் ஆடும் திரைச்சீலையைத்தான் இன்று வரை வடிகட்டத் தெரியவில்லை. அது தாளமும் இல்லாமல், ஆளும் இல்லாமல், ரெண்டுங்கெட்டானாக ஆடுகிறது.

இவ்வளவும் 'இருக்கிறாரா' என்பதற்கு. உள்ளே வந்தார், வெளியே போனார் என்று சொல்வது தனி. அதற்கு ஒரு அனுப்புனரும் இரண்டு கேட்பவர்களும் வைத்தேன், அனுப்புனரிலிருந்து கேட்பவருக்குப் போகும் அலைக் கோடு ஒன்று வாசலுக்கு வெளியே, ஒன்று உள்ளே. வெளிக்கோடு முதலில் மங்கி உள்கோடு அடுத்து மங்கினால் வருகை, தலைகீழானால் வெளியேற்றம். நடுவில் அரை விநாடிக்கு மேல் இடைவெளி கிடைக்கும், தாராளம். அழகாக வேலை செய்தது, மூன்று பேரும் ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக, தயங்காமல் நடக்கும் வரை. வாசல் வரை வந்து, கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று திரும்புகிறவனை என்ன செய்வது? வாசலில் நின்றுகொண்டே கால் மணி நேரம் ஃபோன் பேசுகிறவளை? மகள் என் தோளில் ஏறி உட்கார்ந்து உள்ளே வந்தால் ஒன்று கூடும், அவள் இறங்கி வெளியே ஓடினால் ஒன்று குறையும், ஆக அறையில் பூஜ்யம் பேர், நான் மட்டும் இருட்டில்.

எண்ணிக்கை வைக்கிற எல்லா முறைக்கும் இந்த வியாதி உண்டு. ஒரு கடப்பு சரியாகத் தெரிய நூற்றுக்கு 98 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம், பிரமாதமான கருவி. ஒரு நாளைக்கு 50 கடப்புகள். கணக்குப்படி தினம் ஒரு தப்பு. விளக்கு ஒரு தடவை தப்பாக எரிந்தால் அடுத்த தடவை சரியாகிவிடும், ஆனால் எண்ணிக்கையில் விழுந்த தப்பு அங்கேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் தப்பாக்கும். நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடு என்று எழுதிவைத்தேன். கணக்குப் பிள்ளை பொருந்தாத கணக்கைக் கிழித்துப் போடுவது மாதிரிதான், எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த இடத்தில் கை கொடுத்தது ஒரு பழைய தந்திரம். வீட்டைத் தானியங்கி ஆக்குகிறவர்கள் இதைப் பெட்டிக்குள் குளவி என்பார்கள். பெட்டியை மூடியிருக்கிறீர்கள், உள்ளே ரீங்காரம் ஒருமுறை கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லாவிட்டாலும், மூடியைத் திறக்கும் வரை குளவி உள்ளேதான். அதே மாதிரி, கதவு மூடிய பிறகு அறைக்குள் ஒரே ஒரு அசைவு கேட்டாலும், கதவு திறக்கும் வரை ஆள் உள்ளே இருக்கிறார். அவர் மூச்சைத் தேட வேண்டாம். கதவில் ஒட்டும் காந்த சென்சார் ஒன்றுதான் கூடுதல் செலவு. எட்டு மாத ஆராய்ச்சியை ஒரு காந்தம் தோற்கடித்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்யும் நாட்களில் மட்டும் குளவிக் கணக்கு உதவாது, அதற்கு 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் ஒன்று மேஜைக்கு எதிரே வைத்திருக்கிறேன். அதன் அலை வெறும் பன்னிரண்டரை மில்லிமீட்டர், மார்பு அசைவதெல்லாம் அதற்குப் பூகம்பம். அதுவும் திரைச்சீலையை மனிதனாக எண்ணும், ஆனால் எவ்வளவு தூரம் வரை பார்க்க வேண்டும் என்று எல்லை போட்டுவிடலாம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து ஏமாறாதீர்கள் என்று ஒரு வார்த்தை. ஒரு அறையில் பயிற்சி கொடுத்து அதே அறையில் சோதித்தால் எண்கள் பளபளவென்று வரும். அலமாரியை நகர்த்தினால் எல்லாப் பாதையும் மாறிவிடும், கற்றுக்கொண்ட கணினி முழிக்கும். என்னுடையது நாற்காலியை மாற்றியதற்கே முழித்தது. இருந்தாலும் இது ஆய்வகத்தோடு நிற்கப் போவதில்லை. 2013இல் எம்ஐடியின் ஃபதேல் அதிப், டினா கடாபி இருவரும் வைஃபை அலையை வைத்துச் சுவருக்குப் பின்னால் நடப்பவர்களைக் காட்டினார்கள். 2020இல் வைஃபைக்கான தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு தனியாகக் குழு அமைத்து வைஃபையிலேயே உணர்தலைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கியது, 802.11பிஎஃப் என்ற பெயரில் அது 2025இல் வெளியாகிவிட்டது. இனி ரூட்டர் இணையம் கொடுப்பதோடு, வீட்டில் யாராவது நடக்கிறார்களா என்பதையும் கவனிக்க முறைப்படியான வழி இருக்கிறது. முகமூடி மேக் முகவரி இதற்குத் தடை போட முடியாது. ஃபோனை அணைத்துவிடலாம், உடம்பை எப்படி அணைப்பது?

இதைப் பெரிய தத்துவமாகச் சொல்ல வரவில்லை, எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். சிஎஸ்ஐ போர்டுகளை இராப்பகலாகப் பதிவு செய்ய விட்டிருந்தேன். ஒரு போர்டு புத்தக அலமாரியில், பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை ஒட்டி. ஒரு நாள் பதிவுகளைப் புரட்டும்போது, அதிகாலை இரண்டரை மணி வாக்கில் கோடுகள் ஆடியிருந்தன. அறைக் கதவு மூடியிருந்தது, நாங்கள் மூவரும் தூக்கம். முதலில் கருவிக் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த ராத்திரியும் ஆடியது, கொஞ்சம் முன்னே பின்னே. அலை மெதுவாகப் பெரிதாகி, சிறிதாகி, மறுபடி பெரிதாகி, ஒரே சீராக, இருபது நிமிடம். பன்னிரண்டு ராத்திரிகள் அப்படி. எலியாக இருக்குமோ என்று அலமாரியைக் காலி செய்துகூடப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் ராத்திரி விழித்திருந்து பார்த்தேன். இரண்டு பத்துக்குக் கோடு எழுந்தது. சுவரில் காதை வைத்தேன். பக்கத்து வீட்டில் பிறந்து இரண்டு மாதமான குழந்தை சிணுங்குவது லேசாகக் கேட்டது, யாரோ அதைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். சுவர் பக்கம் வரும்போது என் கோடு பெரிதாகும், சன்னல் பக்கம் போகும்போது சிறிதாகும். எத்தனை மணிக்கு அழ ஆரம்பித்தது, எவ்வளவு நேரத்தில் தூங்கியது, எந்த ராத்திரி இரண்டு முறை எழுந்தது, எல்லாம் என் கணினியில் நேரத்தோடு இருந்தது. அவர்கள் என்னிடம் எதுவும் கொடுக்கவில்லை. எந்த வலையிலும் இணையவில்லை. அவர்கள் வீட்டில் அவர்கள் பிள்ளையைத் தூங்க வைத்தார்கள்.

போர்டைக் கழற்றி எதிர்ச் சுவருக்கு மாற்றி, இரண்டு கோடும் எங்கள் அறைக்குள்ளேயே விழும்படி திருப்பி வைத்தேன். ராத்திரிப் பதிவுகள் பன்னிரண்டையும், விழித்திருந்த அந்த ஒன்றையும் அழித்தேன். காலையில் மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அவங்களோடது சரி. நாங்க எப்ப வந்தோம், எப்ப போனோம்னு எட்டு மாசமா எழுதி வெச்சிருக்கீங்களே, அதை அழிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அழிக்கவில்லை. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.